அன்பியம் என்னும் சிறு பள்ளி



கூட்டத்தில் இருப்பது வேறு, கூடி இருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போய்ப் பாருங்கள். உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் அத்தனை பேரில் ஒருவர் வராமல் போனால் யாருக்கும் தெரியாது. பூசை முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு அவரவர் வழி. இந்தக் குறையைப் போக்கத்தான் கத்தோலிக்கத் திருச்சபையில் 'அன்பியம்' என்ற சிறு குழுக்கள் இருக்கின்றன.

அன்பியம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பங்கில் உள்ள குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து, இருபது முப்பது வீடுகளை ஒரு குழுவாக்குவார்கள். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் உருவாக்கிய 'ஏழு படி' முறை பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. இறைவனை அழைப்பது, விவிலியம் வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, கடைசியில் மன்றாட்டு. ஆறாவது படியைக் கவனியுங்கள். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போய்விட முடியாது. ஏதாவது செய்தாக வேண்டும்!

என் அனுபவத்துக்கு வருகிறேன். என் அப்பா பெயிண்டர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். உதவித்தொகை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் கிடையாது. அதைச் சொல்லித் தந்தது எங்கள் அன்பியத்தில் இருக்கும் ஓர் அக்கா. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசப் பழகியதும் அங்கேதான். "தம்பி, உனக்கு என்ன தோணுது, சொல்லு" என்று பெரியவர்கள் என்னைக் கேட்டபோது முதலில் கைகால் உதறியது. இன்று வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் அந்த உதறல் இல்லை.

இரண்டாவது செமஸ்டரில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. நாங்கள் கூட்டத்துக்குப் போகாத அதே வாரம் ஐந்தாறு பேர் வீடு தேடி வந்தார்கள். அரிசி, பருப்பு வந்தது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. படிப்பை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர், 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்லில் ஃபிட்டராக இருந்த தாத்தா. அவர் அப்பாவிடம் சொன்னார்: "பாதியில விட்ட படிப்பு பாதி போட்ட மரை மாதிரிப்பா. எந்த நட்டும் ஏறாது." அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, "காலேஜுக்கு நேரமாவலையா?" என்று கேட்டார்.

இன்னொரு நன்மையும் உண்டு. அது நம் ஊர்ச் சரித்திரத்தோடு சேர்ந்தது. அன்றைய சம்பா கோவிலுக்குள் சாதி கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் முறையிட்டதால் 1745-இல் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். செங்கல் சுவரை ஒரே நாளில் இடிக்கலாம். மனசுக்குள் இருக்கும் சுவர்? பெரிய கோவிலில் யார் பக்கத்தில் உட்காருவது என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அன்பியத்தில் அது முடியாது. அடுத்த முறை அவர் வீட்டுப் பாயில் உட்கார வேண்டும், அவர் வீட்டு டம்ளரில் காபி குடிக்க வேண்டும். அந்தச் சுவருக்கு இதைவிட நல்ல கடப்பாரை எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசனாம் என்ற சட்ட மாணவர், சில நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளின் வீடு தேடிப் போக ஒரு சிறு குழு தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. அதுதான் இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒருத்தர் வீட்டு விஷயம் தெரு முழுக்கப் பரவுவதும் உண்டு. ஒருவரே பேசிக்கொண்டிருப்பதும் உண்டு. இளைஞர்கள் வருவதும் குறைவு. ஆனால் நாம் போய் உட்கார்ந்தால்தானே அது மாறும்?

நண்பர்களே, நீங்கள் கிறிஸ்தவராக இருந்தால் உங்கள் தெரு அன்பியத்தில் ஒரு மாலை போய் உட்காருங்கள். வேறு மதத்தவராக இருந்தால் உங்கள் தெருவில் உள்ள சங்கமோ, மன்றமோ, பஜனைக் குழுவோ எதுவானாலும் சரி. நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நாம் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க பத்துப் பேர் இருக்கும் ஓர் இடம் நமக்குக் கட்டாயம் வேண்டும்.