சாரைக்கு ஒரு போர்ஷன்

மண்ணூரில் பேச்சலருக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்த ஊரில் நான் ஒரு பாம்புக்கு வீடு ரெடி பண்ணிக் கொண்டிருந்தேன்!

எல்லாம் செல்போன் வீடியோ செய்த வேலை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் பால் பைத்தானைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறான். 'பால்' என்றதும் டம்ளரைத் தேடாதீர்கள். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு அது. பார்த்ததும் ஆசை தொற்றிக்கொண்டது. ஒரகடம் கம்பெனியில் ஓவர்டைம் பணம் வந்த கையோடு, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன்.

அடியில் தேங்காய் நார்த்தூள். ஒளிந்துகொள்ள உடைந்த சட்டி. தண்ணீருக்குக் கிண்ணம். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் ஒரு ஓரத்தில் மட்டும் பல்பு. குளிர் காய்வதும் நிழலுக்கு நகர்வதும் அதன் இஷ்டம். மேலே பூட்டு போட்ட வலை.

''நம்ம ரூமை விட வசதியா இருக்கேடா!'' என்று பெருமூச்சு விட்டான் ரூம்மேட்.

குடித்தனக்காரர்தான் பாக்கி. விசாரித்தால், சட்டம் படமெடுத்தது! நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்க 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெளிநாட்டுப் பாம்பு என்றால் 2024 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். சூட்கேஸில் ஒளிந்து வந்து மீனம்பாக்கத்தில் மாட்டுகிற பாம்புக்கு ஏது பேப்பர்?

சரி, சட்டப்படி பாம்பு வைத்திருப்பவர்களையாவது பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலி போனேன். முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். வரிசையாக மண்பானைகள். வாயில் துணி கட்டியிருக்கிறது. உள்ளே நல்லபாம்பு, கண்ணாடிவிரியன்! மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டு, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகியவர்களே அதை விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் ஆயுள் தண்டனைக்கு அல்லவா அறை கட்டியிருந்தேன்!

பத்து நாள் போயிருக்கும். நல்ல மழை. பாத்ரூமில் வீட்டுக்காரம்மாவின் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், மூலையில் ஆறடிச் சாரை!

''அடிச்சுப் போடுங்கப்பா!''

நாலு பேர் கட்டையோடு வந்துவிட்டார்கள். எனக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். ''அது சாரைங்க... விஷம் கிடையாது. எலி தேடி வந்திருக்கு.''

டீக்கடைக்காரர் சொல்லி ஒரு இருளர் பெரியவர் வந்தார். சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்துச் சாக்கில் விட்டார். என் தொட்டியைக் கண்டதும், ''இது யாருக்கு தம்பி?'' என்றார்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஒரு நொடி சபலம் தட்டியது. வீடு காலி, குடித்தனம் சாக்கில். 'ஒரே ஒரு ராத்திரி' என்று சொல்ல வாயெடுத்தேன். சாக்குக்குள் அது முட்டி முட்டி வழி தேடிக்கொண்டிருந்தது.

''மீனுக்குங்க'' என்றேன்.

டார்ச் அடித்தபடி கூடவே போனேன். ஊருக்கு வெளியே, வேலி போட்ட பிளாட்டுகளைத் தாண்டி, புதர் ஓரத்தில் சாக்கை அவிழ்த்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது, வீட்டுக்குப் போகிற அவசரத்தில்.

தொட்டியில் இப்போது கப்பி மீன்கள். போன வாரம் வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வந்தபோது அலுத்துக்கொண்டார்:

''எலித் தொல்லை தாங்கலைப்பா... அந்தச் சாரையைக் கொஞ்சம் பக்கத்துலயே விட்டிருக்கக் கூடாதா?''