உம்மாவின் காலும் மின்சாரம் நூற்ற நூலும்

உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள்.

கணவரின் தொழில் நிமித்தம் நாங்கள் நெடுங்கேணியில் குடியிருக்கிறோம். உம்மாவும் எங்களோடுதான். சென்ற வருடம் அவருடைய காலில் விளாத்தி முள் குத்திவிட்டது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை! வுழூச் செய்துவிட்டு வந்தவரின் ஈரக் காலடியில் சிவப்பைக் கண்டு நான்தான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் புண். பல வருடச் சீனியில் நரம்புகள் மரத்துப் போயிருந்தன.

நெடுங்கேணி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். பிறகு புளியங்குளம் போய் வவுனியாவுக்கு பஸ் ஏறினோம். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். அன்றிரவு உம்மா தூங்கினார். நான் தூங்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். புண்ணை ஆற்ற நம் உடம்பே சில புரதங்களைச் சுரக்கிறது என்றாள். தோலின் கலங்களைப் பார்த்து ‘பெருகுங்கள்’ என்று சொல்லும் தூதர்கள் அவை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. சீனிப் புண்ணுக்கென்று இன்னொரு வளர்ச்சிப் புரதம் கலந்த களிம்புக்கு 1997இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

“அப்படியானால் அதைப் பூசினால் முடிந்ததே!” என்றேன்.

அங்கேதான் சிக்கல். ஆறாத புண்ணில் ஊறும் நீருக்குப் புரதத்தைக் கடித்துக் குதறும் குணம் உண்டு. பூசிய மருந்து சீக்கிரமே வீணாகிவிடும். அதனால் களிம்பை நாள் தவறாமல் பூச வேண்டும். புரதத்தை ஒளித்து வைத்து, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் என்ன? அதற்குத்தான் இந்த நூல்.

நாம் இடியப்பம் பிழிகிறோமல்லவா? இங்கே மாவுக்குப் பதில் உடம்பில் கரையக்கூடிய பிளாஸ்டிக் கரைசல், உரலுக்குப் பதில் ஊசிக்குழாய். ஆனால் கையால் அழுத்திப் பிழிவதில்லை. பெரும்பாலும் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் ஊசி முனைத் துளியைக் கூம்பாக்கி இழுக்கிறது. காற்றிலேயே காய்ந்து, தலைமயிரைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய நூலாய் எதிர்த் தகட்டில் படிகிறது. பார்வைக்கு வெள்ளைத் துணி! ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்களை வைத்தால், நடுவில் புரதமும் வெளியே பிளாஸ்டிக் உறையுமாக நூல் வரும். உறை வழியே மருந்து மெதுவாய்க் கசியும். நம் தோலுக்கு அடியிலுள்ள நார்களும் ஏறக்குறைய இந்தப் பருமன்தான் என்பதால் கலங்கள் இதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

மின்சாரத்தால் நூல் இழுக்கும் வித்தைக்கு அன்ரன் போர்மால்ஸ் என்பவர் 1934லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மருத்துவத்துக்காக அதில் ஆராய்ச்சி செய்வோரில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும், நமக்கு அக்கரையில் தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகமும் உண்டு. ஆனால் இது இன்னும் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வரவில்லை. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் இரசாயனம் பட்டால் புரதம் கெட்டுப்போகும். அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? சிலவேளை முதல் நாளே மருந்தின் பெரும்பகுதி கொட்டிவிடுவதும் உண்டு. எலிகளில் நல்ல பலன் கண்ட பலவும் மனிதரிடம் வந்து சேரவில்லை.

இவ்வளவையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “மகள், அந்த நூலை எதால செய்யிற?”

மகள் திகைத்துவிட்டாள். நானும்தான். சில நூல்கள் முழுக்கச் செயற்கைப் பிளாஸ்டிக். ஆனால் பலவற்றில் ஜெலட்டின் கலக்கிறார்கள். கலங்களுக்கு அது பிடித்தமானது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் வரும், பன்றித் தோலிலிருந்தும் வரும். ஆய்வுக்கூடங்களில் பன்றி ஜெலட்டின் மிகச் சாதாரணம். படித்த பிள்ளைக்குத் தோன்றாத கேள்வி பாயில் காலை நீட்டியிருந்த கிழவிக்குத் தோன்றியது! வேறு வழியில்லாத நேரத்தில் மார்க்கம் தரும் சலுகையை உலமாக்கள் சொல்லட்டும், நான் ஃபத்வாக் கொடுக்க வரவில்லை. ஆனால் மீன் ஜெலட்டினிலும் இந்த நூலை நூற்கிறார்கள். வழி இருக்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தானே?

உம்மாவின் புண் பழைய வைத்தியத்திலேயே ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். நாள் தவறாமல் சுத்தம் செய்தோம், சீனியைக் கட்டுப்படுத்தினோம், அந்தக் காலை ஊன்ற விடவில்லை. நான்கு மாதம் பிடித்தது. விரல் தப்பியது.

இப்போது இஷா தொழுததும் காலை நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறார், “டோர்ச்சக் கொண்டு வா மகள்.” விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். சில நாட்களில் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து தன் காலை நீட்டுகிறார்.