மானியம் வந்தது, பில் பணம் வரவில்லை

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடன் வாங்கினார். மானியமும் வந்தது. அவரைத் தூங்கவிடாதது வேறு: பெரிய கம்பெனிகளில் மாட்டிக்கொண்ட ஜாப் ஒர்க் பணம்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. படிக்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் யார் தருவார்? நண்பர் வாய் திறக்கவில்லை.

இன்னொரு கடன் மேளாவைவிட, புகாருக்குக் காத்திராமல் அரசே இந்தப் பாக்கிகளைக் கண்காணிப்பதுதான் பெரிய உதவி என்பேன்.

பட்டறைக்காரர்களே, இந்த 45 நாள் சட்டப்படி பாக்கி கேட்க உதவும் அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். இலவசம்தான், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.