ஆறு வண்டிகளும் ஐந்து புள்ளிகளும்

ஒருவர் தம் தொழிலிற் செய்த உழைப்பை எதனைக்கொண்டு அளப்பது என்னும் வினா, எம் வீட்டில் ஒரு மோட்டார்ப் பந்தய வீரரை முன்னிட்டு எழுந்தது. கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைக்கும், சக்கரங்களுக்கு மேல்மூடியின்றி ஒருவரே அமர்ந்து ஓட்டும் பந்தய வண்டிக்கும் என்ன உறவு என்று நம் கல்லூரி அன்பர்கள் வினவக்கூடும். எம் தமக்கையாரின் மைந்தன் பொறியியற் கல்வி முடித்ததும், கோயம்புத்தூரில் அத்தகைய வண்டிகளைச் செப்பனிடும் பட்டறை ஒன்றிற் சேர விரும்பினான். தமக்கையார் எம்மை நோக்கி, “தம்பி, நரேன் கார்த்திகேயனுக்கே ஐந்து புள்ளிதான் கிடைத்ததாம்; நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?” என்றார். விடை கூறும் கடமை எம்மைச் சார்ந்தது.

அவர் சொன்ன கணக்கு மெய்யே. பார்முலா ஒன் என்னும் உலகப் போட்டியில் நரேன் பெற்றவை ஐந்து புள்ளிகளே. அவையும் 2005 ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் ஒரே பந்தயத்திற் கிடைத்தவை. அன்று களத்திற்கு வந்தவை 20 வண்டிகள். அவற்றுள் 14 மிச்செலின் டயர் பூண்டவை. ஒருபுறம் சாய்ந்து உயர்ந்த 13ஆம் வளைவின் வேகத்தை அந்த டயர்கள் தாங்கா என்பது பயிற்சியின்போதே வெளிப்பட்டது. வேகத்தைக் குறைக்க அவ்விடத்தே பாதையைச் சற்று மாற்றவேண்டும் என்ற வேண்டுகோளைச் சர்வதேச மோட்டார்ச் சங்கத்தார் ஏற்றிலர். ஆகவே அணிவகுத்துச் சுற்றிவந்த அந்த 14 வண்டிகளும் பந்தயம் தொடங்குமுன்னரே கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. எஞ்சிய ஆறே ஓடின. நரேன் நான்காவதாய் வந்தார். நள்ளிரவை ஒட்டி நடந்த அதனை யாம் தொலைக்காட்சியிற் கண்டோம். மறுநாள் தேநீர்க்கடையில், “ஆறு பேரில் நாலாவது” என்று நகைத்தவரும் உளர்.

எனினும், அவ்வறுவருள் ஒருவராய் நிற்பதற்கு அவர் வந்த வழி எத்தகையது? தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் நாடறிந்த ராலி வீரர். வீட்டில் வசதியும் இருந்தது. இவற்றை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும் அக்காலத்தில் இந்நாட்டில் பந்தய வண்டி கிடைப்பதே அரிது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் இன்ஜினைப் பொருத்திக் குறைந்த செலவில் ஒற்றையிருக்கை வண்டிகளைச் செய்தளித்தார். அத்தகைய வண்டியிலேதான், ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயக்களத்தில், நரேன் தம் ஓட்டத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பிரான்சிற் பயின்று, 1994இல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டியை வென்றார். 1996இல் பார்முலா ஆசியாப் பட்டமும் அவருக்குக் கிட்டியது. 2005 மார்ச்சு மாதம் மெல்போர்னில் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

எம்மூர்ச் சந்தைக்கு வரும் அயலார், பாயின் நீள அகலத்தைக் கேட்டு விலை பேசுவர். விவரம் அறிந்தவரோ, கோரை எவ்வளவு நுண்ணிதாய்க் கிழிக்கப்பட்டுள்ளது என்று விரலால் தடவிப் பார்ப்பர். கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் பலநாள் ஊறவைத்து, இழை இழையாய்க் கிழித்த உழைப்பு அளவுகோலுக்கு எட்டாது. புள்ளிக் கணக்கும் அத்தகையதே.

அவ்வாண்டிற்குப் பின்னும் நரேன் ஓய்ந்தாரல்லர். 2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராய்ப் பணியாற்றினார். 2007 டிசம்பரில் சீனாவின் சூகாய் நகரில் ஏ1 கிராண்ட் பிரீ பந்தயத்தை இந்திய அணிக்காக வென்றார். 2011, 2012இல் மிகவும் பின்தங்கிய எச்.ஆர்.டி. அணியின் வண்டியை ஓட்டினார். 2011 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவில் நடந்த முதல் பார்முலா ஒன் பந்தயத்தில் 17ஆம் இடத்தில் முடித்தார். பின்னர் ஜப்பான் சென்று ஆண்டு பலவாய் ஓட்டி, 2019 நவம்பரில், தம் 42ஆம் வயதில், பூஜி களத்தில் ஒரு பந்தயம் வென்றார். அவர் திறந்த வழியில் 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் அவ்வுலகப் போட்டியிற் புகுந்தார்.

இவற்றையெல்லாம் தமக்கையாரிடம் எடுத்துரைத்தோம். “பொருள் மிகுதியாய் வரும் என்று யாம் சொல்லவில்லை, அவனுக்கு வேலையில் மனம் இருக்கின்றதா என்று மட்டும் கேளுங்கள்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “போய்வரட்டும்” என்றார். பையன் போனான். இப்போது இன்ஜின்களைப் பிரித்துச் சீர்செய்கின்றான். அவன் கைபட்ட வண்டி இதுகாறும் ஒரு கோப்பையும் வென்றதில்லை, சம்பளமும் சிறிதே. எனினும், இன்ன பந்தயத்தில் தன் வண்டி நடுவில் நில்லாது முழுத்தூரமும் ஓடிமுடித்தது என்று தாய்க்குத் தொலைபேசியில் உரைக்கின்றான். தமக்கையாரும் இப்போது எத்தனையாவது இடம் என்று கேட்பதில்லை. முழுதும் ஓடியதா என்றே கேட்கின்றார். கல்லூரியை விட்டு உலகிற் புகும் நம் மாணவர்க்கு யாம் சொல்ல விழைவதும் இவ்வளவே.