ஒரு ‘டக்’

காலையில் ஜில்லென்று வரும் கார் ஏ.சி., மத்தியான டிராஃபிக்கில் அனல் ஊதுகிறதா? ‘கம்ப்ரஸர் போச்சு சார்’ என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்ட இருந்தேன். 25,000 ரூபாய் என்றார்கள்.

புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் ஏ.சி.யைப் போடச் சொல்லி, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கம்ப்ரஸர் புல்லி சுற்றியது. அதன் முன்னாலிருந்த தட்டு சும்மா நின்றது. டெஸ்ட் லாம்ப் வைத்தார், எரிந்தது. “கேஸ் கம்மின்னா கரன்ட்டே வராது சார். இது க்ளட்ச் பிடிக்கலை.”

விஷயம் சுலபம். என்ஜின் ஓடினால் புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். ஏ.சி. பட்டனைத் தட்டினால் பின்னாலிருக்கும் காயில் காந்தமாகி, தட்டை ‘டக்’கென்று இழுத்து புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸர் சுற்றும். இரண்டுக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கலாம். தேயத் தேய அது அதிகமாகும். சூடேறினால் காயிலில் மின்தடை கூடி, காந்த பலமும் குறையும். காலையில் எட்டியது மத்தியானம் எட்டாது.

என்ஜினை அணைத்து, தட்டைக் கழற்றி, உள்ளேயிருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி மாட்டினார். ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளந்தார். பட்டனைத் தட்டினேன். ‘டக்’!

300 ரூபாய் கேட்கவே கூச்சப்பட்டார். “புதுசா எதுவும் போடலையே சார், ஒண்ணை எடுத்துத்தானே விட்டேன்!”