மலை கசிந்த நீர்

சென்ற ஆண்டு எம் பாடசாலையின் பத்தாம் தர மாணவரை அழைத்துக்கொண்டு சமனலவெவ அணையைக் காணச் சென்றோம். அனைவரும் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள். பலாங்கொடையிலிருந்து கிழக்கே சென்று, பம்பஹின்னைச் சந்தியில் தெற்கே திரும்பினால், வளவை கங்கையும் பெலிகுல் ஓயாவும் கூடும் பள்ளத்தாக்கை மறித்து நிற்கிறது அணை. பிள்ளைகள் அதன் உயரத்தைக் கண்டு வியந்தனர். ஒருவன் மட்டும் கீழே வலக்கரை மலையின் விலாவிலிருந்து பொங்கி வழியும் நீரைக் காட்டி, “சேர், இவ்வளவு பெரிய அணையைக் கட்டினவங்களுக்கு அந்த ஓட்டையை அடைக்கத் தெரியலியா?” என்றான். அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

அணையின் கதையை முதலில் கூறவேண்டும். 1986இல் வேலை தொடங்கிற்று. ஜப்பானும் பிரித்தானியாவும் நிதி உதவின. 110 மீற்றர் உயரமும் 530 மீற்றர் நீளமும் கொண்ட இவ்வணை கொங்கிரீற்றுச் சுவரன்று. நடுவே நீர் புகாத களிமண். இருமருங்கும் உடைத்த பாறை. களிமண் நீரைத் தடுக்கிறது. பாறை தன் பாரத்தால் நீரின் தள்ளுவிசையைத் தாங்குகிறது. தேக்கிய நீர் 5 கிலோமீற்றருக்கும் அதிகமான சுரங்கத்தினூடே சென்று, 300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கி, கல்தொட்டைக்கு அருகேயுள்ள மின்னிலையத்தில் இரு சுழலிகளைச் சுற்றுகிறது. அவற்றின் ஆற்றல் 120 மெகாவாட்.

அணையில் குறையில்லை, குறை கரையில் இருந்தது. வலக்கரை மலைக்குள்ளே சுண்ணாம்புக் கற்பாறை உண்டு. மழைநீர் அத்தகைய பாறையை ஊழிக்காலமாகக் கரைத்துப் பொந்துகளும் குகைகளும் ஆக்கிவிடும். இதனை அறிந்தே பொறியியலாளர் மலையைக் குடைந்து உள்ளே சீமெந்துக் குழம்பைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை அமைத்தனர். ஆயினும் 1992 ஒக்டோபரில், நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது, அணைக்குக் கீழே மலைச்சரிவைப் பிளந்துகொண்டு நீர் பீறிட்டது. 1998இல் படகுகளிலிருந்து மண்ணைக் கொட்டி, நீர் புகும் வாய்களை நீரடியில் மூட முயன்றனர். கசிவு நிற்கவில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 2 கன மீற்றர் நீர் தன் வழியே சென்றுகொண்டுதான் இருக்கிறது.

மாணவனின் வினாவுக்கு இவ்வளவும் விடையாகக் கூறினோம். ஆனால் முழு விடையைக் கீழே வாய்க்கால் கரையில் நின்ற ஒரு முதிய சிங்கள விவசாயி கூறினார். நன்கு சிங்களம் அறிந்த மாணவி ஒருத்தி அதனை மொழிபெயர்த்தாள்: “அவங்களுக்கு அது ஓட்டை, எங்களுக்கு அதுதான் வாய்க்கால்.”

அவர் கூறியது உண்மை. ஆற்றைச் சுரங்கத்தினுள் திருப்பிய பின், அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட படுகையில் பழைய நீரோட்டம் இல்லை. கல்தொட்டை வயல்களின் வாய்க்கால்களோ அந்தப் படுகையிலிருந்தே நீர் கொள்வன. மின்கணக்கில் நட்டமென எழுதப்படும் நீர் அங்கே நெல்லாகிறது.

இதைக் கேட்டபோது எம் இளமை நினைவுக்கு வந்தது. மின்னிலையம் இயங்கத் தொடங்கிய 1992இல் நாம் தொட்டிற் பிள்ளை. பின்னர் எழுத்தறிந்த நாளில், எம் தோட்டத்து மலைமீது நின்றால் உயர்மின்கம்பிகள் பள்ளத்தாக்கைக் கடந்து செல்வது தெரியும். எம் லயத்திலோ குப்பி விளக்கு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அதன் அருகில்தான் படித்தோம். காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்லும் அம்மா, மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுமென்று இரவில் திரியைத் தாழ்த்துவார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு ஒரு சுவரேனும் சொந்தமில்லை. ஆகவே மின்னிணைப்புக் கேட்கவும் நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. அந்த இசைவும் விளக்கும் வந்தபோது எமக்கு வயது பதின்மூன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒளி இவ்வாறு தாமதித்தே வந்தது.

அக்காலத்தில் கீழ்நாட்டுச் சிங்கள விவசாயிதான் அணையின் பயனை அனுபவிக்கிறார் என்று நாம் எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தை 2023 ஆகஸ்ட் முற்றிலும் பொய்யாக்கிற்று. வறட்சியில் உடவளவைப் பயிர்கள் கருகின. சமனலவெவ நீரைத் திறந்துவிடுமாறு விவசாயிகள் போராடினர். திறந்தால் தென்பகுதியில் மின்வெட்டு நேரும் என்றது மின்துறை. அமைச்சரவை முடிவெடுத்த பின்னரே நீர் வந்தது. ஒரே நீரை நெல் வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்று நிறுத்துப் பார்த்த தராசின் அருகே, நெல் விளைப்பவரும் இல்லை, விளக்கின்றிப் படித்தவரும் இல்லை.

அணைகள் வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. மின்னொளியின் அருமையைக் குப்பி விளக்கில் படித்தவரைவிட யார் அறிவார்? நாம் கேட்பது வேறு. 120 மெகாவாட்டைக் கணக்கிட்டோர், கல்தொட்டை வாய்க்காலையும் எம் லயத்தையும் அதே ஏட்டில் எழுதினார்களா? எழுதியிருந்தால், மலையின் குறை ஒன்று உழவனுக்கு உதவியாகத் தோன்றும் நிலை நேர்ந்திராது. அவனுக்குரிய நீர் திட்டத்தின்படியே அவனிடம் சென்றிருக்கும்.

திரும்பும் வழியில் அம்மாணவன் மீண்டும் கேட்டான்: “அப்போ அடைக்காம விட்டது நல்லதா சேர்?”

“அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்தப் பெரியவருக்கு நீர் யார் கொடுப்பார் என்று கேள்” என்றோம். அவன் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.