வேரின் பெயர்



மரத்தை அதன் கனியைக் கொண்டு அறிந்துகொள்ள நம் ஆண்டவர் போதித்தார். ஆனால் கனியும் பூவும் இலையும் நீங்கி, உலர்ந்து நறுக்கப்பட்டு, சாக்கில் கட்டப்பட்ட வேரை எதைக் கொண்டு அறிவது? இவ்வாரம் இக்கேள்வியைச் சிந்திப்போம்.

கோடையில் நீங்கள் பருகும் நன்னாரி சர்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்னாரி மெலிந்த வேருடைய கொடி; நம் நாட்டில் பரவலாக வளர்வது. ஏறத்தாழ அதே நறுமணம் உடைய வேறொரு கொடி மாகாளி. மோரில் ஊறவைத்து ஊறுகாய் போடுகிறோமே, அந்தக் கிழங்கு இதனுடையதே. தீபகற்ப இந்தியாவின் மலைச்சரிவுகளைத் தவிர வேறெங்கும் இது இயல்பாக வளர்வதில்லை. நன்னாரியின் பெயரில் மாகாளி வேரும் சந்தைக்கு வருகிறது. கிழங்கை முழுவதுமாகத் தோண்டி எடுத்தால் கொடி மடிகிறது. ஆகவே மாகாளி இன்று அழியும் ஆபத்திலுள்ள தாவரங்களின் பட்டியலில் நிற்கிறது. அதன் உறவான அமிர்தபாலா, அகத்தியமலைப் பகுதியில் இன்னும் மோசமான நிலையில் உள்ளது.

பொடியாக்கப்பட்ட வேரைக் கண்ணாலும் மூக்காலும் மட்டும் கண்டு, இன்னதென்று உறுதியாகச் சொல்வது கடினம். இங்கேதான் டிஎன்ஏ பார்கோடு உதவுகிறது. கடைப் பொருளின் மேலுள்ள கோடுகள் அதன் பெயரைச் சொல்வதுபோல, உயிரணுவிலுள்ள டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதி உயிரினத்தின் பெயரைச் சொல்லக்கூடும். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-இல் இம்முறையை முன்வைத்தார். விலங்குகளுக்கு அவர் தேர்ந்த மரபணு, தாவரங்களில் மிக மெதுவாகவே மாறுவதால் இனங்களைப் பிரித்துக் காட்டவில்லை. எனவே 2009-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று, பசுங்கணிகத்திலுள்ள மேட்-கே, ஆர்பிசிஎல் என்னும் இரு மரபணுப் பகுதிகளைத் தாவரங்களுக்குப் பரிந்துரைத்தது. மாகாளியின் பேரினத்தைச் சேர்ந்த அரிய இனங்களை இவ்வகையில் பிரித்தறியும் ஆய்வு 2017-இல் வெளிவந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குறியீடு தானாகப் பேசுவதில்லை. யாரோ ஒருவர் மலையேறி, உயிருள்ள கொடியைப் பூவோடும் இலையோடும் கண்டு, சரியாக இனங்கண்டு, உலர்த்திய மாதிரியைத் தாவரச் சேகரிப்பில் பாதுகாத்திருக்க வேண்டும். அந்த மாதிரியின் டிஎன்ஏவோடு ஒப்பிட்ட பின்புதான் சந்தை வேரின் பெயர் தெரியவரும். நெருங்கிய உறவுள்ள இனங்களை அப்பொழுதும் பிரிக்க இயலாமற்போவதுண்டு. உயிரோடு இருக்கையில் ஒருவரும் அறியாத செடியை, அது பொடியான பின்பு எந்தக் கருவியும் அடையாளம் காட்டாது.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. கூட்டிலுள்ள குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறவன் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும். எடுப்பதற்கு அனுமதி உண்டு. மறுபடியும் பிறப்பதற்கான வழியை அடைப்பதற்கு அனுமதி இல்லை. கொடியை வேரோடு பிடுங்குவது தாயையும் குஞ்சையும் ஒருங்கே எடுப்பதாகும்.

அதற்காக, வயிற்றுப்பாட்டுக்காக மலையேறித் தோண்டுகிற ஏழையின்மேல் மட்டும் குற்றத்தைச் சுமத்திவிடாதிருங்கள். அவர் தோண்டுவது, கீழே நாம் வாங்குவதால்தான். ஆய்வுக்கூடம் வேரின் பெயரைச் சொல்லிவிடும். அதை வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களும் நானுமே தீர்மானிக்க வேண்டும். அடுத்த முறை நன்னாரி வேரோ மாகாளிக் கிழங்கோ வாங்கும்போது, "இது தோட்டத்தில் பயிரிட்டதா, காட்டில் தோண்டியதா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமலிருக்கலாம். ஆயினும் பலரும் கேட்கத் தொடங்கினால், அவர் தமக்குச் சரக்குத் தருகிறவரிடம் கேட்பார்; பயிரிடுகிறவருக்கும் சந்தை உண்டாகும்.

சிருஷ்டிகர் பெயர்பெயராய் அறிந்திருக்கிறவற்றை நாமும் அறிந்து காக்க, அவர் நமக்குக் கிருபை அருள்வாராக. ஆமென்.